மலையகமும் வாக்குச்சீட்டும் – 17: ஒரே புள்ளடி, இரண்டு கணக்கு

2018 பெப்ரவரி 10, சனிக்கிழமை. இலங்கையின் 341 உள்ளூராட்சி சபைகளில், வழக்கில் சிக்கிய எல்பிட்டியவைத் தவிர மற்ற 340 சபைகளுக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு நடந்தது. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதியில் திகன, தெல்தெனிய, மெதமகாநுவரை என்று ஏறிப்போனால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைக்கும் மீமுரைக்கும் பாதை பிரிகிற சிறு நகரம் அது. சுற்றிலும் தேயிலை, ஏலம், சிங்களக் கிராமங்கள், அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன்கள். அன்று காலை அந்த லயன்களிலிருந்து வாக்குச்சாவடிக்கு இறங்கிய சனங்களின் கையில் கிடைத்த சீட்டு, அவர்கள் பழகிய சீட்டு அல்ல.

அதற்கு முந்திய தேர்தல்களில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அக்கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் கொடுக்கலாம். இம்முறை விருப்பு இலக்கம் கிடையாது. ஒரு புள்ளடி மட்டும். அந்த ஒரே புள்ளடி முதலில் வட்டாரத்தில் யார் வென்றார் என்பதைத் தீர்மானிக்கும். பிறகு சபை முழுவதிலும் கட்சிக்கு எத்தனை ஆசனம் உரியது என்ற கணக்கிலும் சேரும். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்து, 40 வீதம் பட்டியலிலிருந்து. இதைத்தான் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் 'ஜேர்மன் முறை' என்றார்கள்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு முன்கதை தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 பொதுத்தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோர் அந்த எழுவரில் அடங்குவர். அடுத்த ஆண்டே, நம்மவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றாயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களும் நம் கையில் இல்லை. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988-இன் விசேட ஏற்பாட்டுச் சட்டம், 2003-இன் குடியுரிமைச் சட்டம் என்று நீண்ட பாதையில் வாக்கு திரும்பி வந்தது.

திரும்பி வந்த வாக்குக்குப் பெறுமதி கிடைத்ததற்கு ஒரு காரணம் விகிதாசார முறை. இதை நம்மவர்களே போதிய அளவு பேசியதில்லை என்பது என் எண்ணம். நுவரெலியா மாவட்டத்தில் நாம் திரண்டு வாழ்கிறோம். அங்கே எந்தத் தேர்தல் முறை வந்தாலும் சில ஆசனங்கள் வரும். கண்டி மாவட்டம் வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்குள்ள சுமார் 13.7 இலட்சம் மக்களில் மலையகத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் சேர்த்தாலும் 11 வீதம்தான். அந்த 11 வீதமும் பன்வில, மடுல்கலை, ரங்கலை, ஹுன்னஸ்கிரிய, புசல்லாவை, நாவலப்பிட்டி என்று சிதறிக் கிடக்கிறது. தனித் தொகுதி முறையில் இந்த வாக்குகள் ஒவ்வொரு தொகுதியிலும் தோற்றுப்போகும். மாவட்டத்தை ஒரே தொகுதியாக எண்ணும்போதுதான் ரங்கலையின் வாக்கும் புசல்லாவையின் வாக்கும் ஒன்று சேரும். 2015-இல் எம். வேலு குமார் கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றது அப்படித்தான்.

ஆகவே 'தொகுதிக்கு ஒரு பொறுப்பான உறுப்பினர் வேண்டும், விருப்பு வாக்குச் சண்டை ஒழிய வேண்டும்' என்ற கோஷம் தெற்கில் எழுந்தபோது கண்டியின் தோட்டப்புறத் தமிழனுக்கு அது இருமுனைக் கத்தியாகவே பட்டது. கோஷத்தில் நியாயம் இருந்தது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை நாடே பார்த்தது. 2003-இல் தினேஷ் குணவர்தன தலைமையில் அமைந்த பாராளுமன்றத் தெரிவுக்குழு கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 2012-இன் 22-ஆம் இலக்கச் சட்டம் உள்ளூராட்சிக்கு 70:30 என்ற விகிதத்தை வைத்தது. சிறுபான்மைக் கட்சிகளும் சிறு கட்சிகளும் எதிர்த்தன. 2017-இன் 16-ஆம் இலக்கச் சட்டம் அதை 60:40 ஆக்கியது. இடையில் 2016-இன் முதலாம் இலக்கச் சட்டம் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. அதுவரை உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை.

இனி ஜேர்மனிக்குப் போவோம். எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்பது அங்கே போனால்தான் தெரியும்.

போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனியின் முதல் பாராளுமன்றத் தேர்தல் 1949 ஓகஸ்ட் 14-ஆம் திகதி நடந்தது. அப்போதும் வாக்காளருக்கு ஒரே வாக்குதான். ஆசனங்களில் ஏறத்தாழ 60 வீதம் தொகுதிகளுக்கு, 40 வீதம் பட்டியலுக்கு. நம் 2018-இன் ஏற்பாட்டை அப்படியே பார்க்கிறோம். ஆனால் ஜேர்மனியர் நான்கு ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். 1953-இல் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் கிடைத்தன. முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாம் வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. விகிதமும் பாதிக்குப் பாதி ஆனது. ஜேர்மன் முறை என்று உலகம் புகழ்வது இந்த 1953-இன் முறையை. நமக்கு வந்தது அவர்கள் கைவிட்ட 1949-இன் முறை.

மாநில மட்டத்தில் ஒற்றை வாக்கை நெடுங்காலம் வைத்திருந்தது தென்மேற்கிலுள்ள பாடன்-வூர்ட்டம்பேர்க். அந்த முறையில் பட்டியலே இருக்கவில்லை. 70 தொகுதிகளில் வென்றவர்கள் போக, மிச்ச இடங்கள் தோற்ற வேட்பாளர்களில் நல்ல வாக்குப் பெற்றவர்களுக்குப் போயின. இதனால் பெண்கள் சட்டசபைக்குள் நுழைவது கடினமாக இருந்தது. சட்டப்படி 120 உறுப்பினர்கள், 2021 தேர்தலுக்குப் பிறகு 154 பேர். 2022 ஏப்ரலில் அம்மாநிலம் இரண்டு வாக்கு முறைக்கு மாறியது, வாக்களிக்கும் வயதையும் 16 ஆக்கியது. புதிய சட்டத்தின் கீழான முதல் தேர்தலுக்குக் குறித்த திகதி 2026 மார்ச் 8. பெண்களும் இளையோரும் உள்ளே வர வேண்டும் என்றால் பட்டியலும் அதற்கென்று தனி வாக்கும் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் கதைக்கு இதைவிட நெருக்கமானது வடக்கு எல்லையில், டென்மார்க்கை ஒட்டிய ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் வரலாறு. அங்கே டேனிய மொழி பேசும் சிறுபான்மையினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய கட்சி தென் ஷ்லேஸ்விக் வாக்காளர் சங்கம். 1950 மாநிலத் தேர்தலில் அது 5.5 வீத வாக்குடன் நான்கு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே மாநில அரசு வெட்டுப்புள்ளியை, அதாவது ஆசனம் பெற ஒரு கட்சிக்குத் தேவையான குறைந்தபட்ச வாக்கு வீதத்தை, 7.5 ஆக உயர்த்தியது. யாரைக் குறிவைத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1952 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே 1952-இல்தான் இங்கே நம்மவர்கள் வாக்கிழந்து, கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்புள்ளி 5 வீதத்துக்கு இறங்கியது. ஆனாலும் 1954 தேர்தலில் டேனியர் கட்சிக்குக் கிடைத்தது 3.5 வீதம். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தும் ஓர் ஆசனமும் இல்லை. மேற்கு ஜேர்மனி நேட்டோ அமைப்பில் சேர முயன்றுகொண்டிருந்த நேரம் அது. டென்மார்க் அந்த நேரத்தைப் பயன்படுத்தியது. 1955 மார்ச் 29-ஆம் திகதி பொன் நகரிலும் கோப்பன்ஹேகனிலும் இரு அரசுகளும் தனித்தனிப் பிரகடனம் வெளியிட்டன. டேனியக் கட்சிக்கு வெட்டுப்புள்ளி நீங்கியது. 1958 தேர்தலில் 2.8 வீத வாக்குடன் அக்கட்சி இரண்டு ஆசனங்களைப் பெற்றது. முந்திய தேர்தலைவிடக் குறைந்த வாக்கு, ஆனால் சபையில் இடம் உண்டு. அந்தக் கட்சி இன்றும் மாநில சபையில் இருக்கிறது. 2021-இல் கூட்டாட்சிப் பாராளுமன்றத்துக்கும் ஒருவரை அனுப்பியது.

பொன் பிரகடனத்தில் இன்னொரு வரி உண்டு. தான் டேனியர் என்று ஒருவர் சொன்னால் அதை அதிகாரிகள் மறுக்கவோ சோதிக்கவோ கூடாது. நம் சனங்கள் தகப்பன் இங்கே பிறந்தாரா, பாட்டன் இங்கே பிறந்தாரா என்று கடதாசி தேடி அலைந்த காலம் அது. மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது 1949-இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம். ஒரே தசாப்தத்தில் இரண்டு நாடுகள், இரண்டு சிறுபான்மைகள். டேனியருக்குப் பின்னால் ஓர் அரசு பேரம் பேச நின்றது. நமக்காகப் பேசிய இந்தியாவுடன் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கப்பலேற்றுவது என்ற முடிவுக்கு வந்தது.

சரி, 2018-க்குத் திரும்புவோம். கலப்பு முறையில் ஹுன்னஸ்கிரிய போன்ற இடத்துத் தமிழ் வாக்கு என்ன ஆகும்? ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். 30 உறுப்பினர், அவர்களில் 18 பேர் வட்டாரத்துக்கு, 12 பேர் பட்டியலுக்கு. செல்லுபடியான வாக்கு 30,000. அப்படியானால் ஓர் ஆசனத்தின் விலை 1,000 வாக்கு. தமிழ் வாக்கு 3,000, எல்லா வட்டாரத்திலும் சிதறியிருக்கிறது. தமிழர் தனிக் கட்சியாக நின்று அத்தனை வாக்கையும் பெற்றால் ஒரு வட்டாரத்தையும் வெல்லமாட்டார்கள், ஆனால் பட்டியலில் மூன்று ஆசனம் உறுதி.

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். அந்த 3,000 பேரும் பெரிய கட்சி ஒன்றின் சின்னத்துக்குப் புள்ளடி போடுகிறார்கள். அக்கட்சிக்கு மொத்தம் 12,000 வாக்கு, உரியது 12 ஆசனம். ஆனால் எதிர் வாக்கு பல கட்சிகளாக உடைந்ததால் அது 16 வட்டாரங்களை வென்றுவிட்டது. வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது. நான்கு ஆசனம் மேலதிகம். பட்டியலிலிருந்து அக்கட்சிக்கு ஒருவரும் கிடையாது. பட்டியலில் பெயர் போட்டிருந்த தோட்டத்துப் பெண்ணுக்கும் இடமில்லை. சபை 34 பேராக வீங்கும். 16 பேர் பெரும்பான்மையும் அல்ல. வென்ற கட்சியும் ஆட்சியமைக்கப் பேரம் பேச வேண்டும். வெல்லும் கட்சியோடு சேர்ந்தால் ஒரு தமிழ் உறுப்பினராவது வருவார் என்று அறுபது எழுபது ஆண்டாக நம்பி வந்த அரசியலுக்கு இந்தக் கணக்கு நேர் எதிர்.

இரண்டாவது வாக்கு இருந்திருந்தால்? ஹுன்னஸ்கிரியவில் தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் அலைந்து உதவிய ஒரு சிங்களவர் வட்டாரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதல் வாக்கு, சொந்தச் சமூகத்தின் பட்டியலுக்கு இரண்டாம் வாக்கு. இரண்டும் நேர்மையான விருப்பங்கள். ஒற்றைப் புள்ளடி அயலவரையும் சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. சிறு சமூகங்களுக்கு இந்த முறை செய்த பெரிய அநியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வைக்கப்பட்டது, அதையும் சொல்ல வேண்டும். கலந்து வாழும் இடங்களில் இரண்டு அல்லது மூன்று பேரைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் வட்டாரங்களை வரையலாம். அசோக்க பீரிஸ் தலைமையிலான எல்லை நிர்ணயக் குழு அவ்வாறு சிலவற்றை வரைந்தது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்ற பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை போன்ற புதிய சபைகள் பிறந்தன. மலையகக் கட்சிகள் நெடுநாள் கேட்டதற்குக் கிடைத்த நல்ல பலன் அது. கண்டி மாவட்டத்தின் மெததும்பறை, உடதும்பறை, பன்வில சபைகள் பழைய எல்லையிலேயே நின்றன.

முடிவு தெரிந்ததே. மகிந்த ராஜபக்ஷவின் ஆதரவு பெற்ற பொதுஜன பெரமுனவின் தாமரை மொட்டு தெற்கெங்கும் முதலிடத்துக்கு வந்தது. முன்பு நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை 8,000-ஐத் தாண்டியது. எண்ணற்ற சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தவிசாளரைத் தெரிவுசெய்ய வாக்கெடுப்பும் திருவுளச்சீட்டும் தேவைப்பட்டன. பெண்கள் 25 வீதத்தை எட்டவில்லை என்றாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். இரண்டு வீதத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரே தேர்தலில் வந்ததை இந்தச் சீர்திருத்தத்தின் மிகப்பெரிய வெற்றி என்று தயங்காமல் சொல்வேன்.

புதிய சபைகள் கூடுவதற்கு முன்பே அதே ஏ-26 வீதியில் தீ மூண்டது. மார்ச் 5-ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு இறங்குபவர்கள் அந்த நகரங்கள் வழியாகத்தான் வர வேண்டும். பல அங்கத்தவர் வட்டாரம் வரைந்தவர்கள் எந்த அச்சத்தை மனதில் வைத்து வரைந்தார்களோ, அது ஒரு மாதத்துக்குள் கண்முன் நின்றது.

தோட்டத்து வாக்காளருக்கு இன்னொரு தடையும் அந்த நாளில் இருந்தது. 1987-இன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின் காரணமாக, தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் நிதியைச் செலவிட வழி இருக்கவில்லை. வாக்குப் போடலாம், ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் சபை போட்டுத்தராது. அந்தப் பிரிவு 2018-இன் பிற்பகுதியில்தான் திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்கள் தோட்டச் சனங்கள் தங்களுக்குச் செலவிட முடியாத சபைகளைத் தெரிவுசெய்துகொண்டிருந்தார்கள். இந்தத் திருத்தத்துக்காகப் பாடுபட்டவர்களுக்கு மலையகம் கடமைப்பட்டிருக்கிறது.

மாகாண சபையின் கதை இதைவிடக் கசப்பானது. ஜேர்மன் மாநிலத் தேர்தலுக்கு நம் நாட்டில் நேரான சமம் மாகாண சபைத் தேர்தல்தான். 2017 செப்டெம்பர் 20-ஆம் திகதி, பெண்களின் வேட்புமனு பற்றிய ஒரு சட்டமூலத்துக்குள் குழுநிலைத் திருத்தமாகப் புகுத்தி, மாகாணங்களுக்கும் கலப்பு முறையைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சிறுபான்மைக் கட்சிகள் பேரம் பேசி விகிதத்தை 50:50 ஆக்கிய பிறகே ஆதரவளித்தன. தொகுதி எல்லைகளை வரையக் கே. தவலிங்கம் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார். மீளாய்வுக்குப் பிரதமர் தலைமையில் குழு என்றார்கள், அதன் அறிக்கை வரவே இல்லை. புதிய எல்லை இல்லாததால் புதிய முறையில் தேர்தல் வைக்க முடியாது. பழைய முறை சட்டத்தில் இல்லாததால் அதிலும் வைக்க முடியாது. பழைய முறைக்குத் தற்காலிகமாகத் திரும்பலாம் என்று எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறவில்லை.

மத்திய மாகாண சபைக்கு 58 உறுப்பினர்கள். கடைசித் தேர்தல் 2013 செப்டெம்பர் 21-ஆம் திகதி. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சி. தமிழ்ப் பாடசாலைகள் பலவும் மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்க, மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட கண்டியிலுள்ள மாகாண சபையில் இல்லை.

உள்ளூராட்சித் தேர்தலும் 2023 மார்ச்சில் வரவேண்டியது, பணம் இல்லை என்று நின்றது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6-ஆம் திகதி, அதே ஒற்றைப் புள்ளடி முறையில் தேர்தல் நடந்தது. அதன் கதையை இரண்டு இதழ் கழித்து விரிவாகப் பார்ப்போம்.

இப்போது வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாகாணத் தொகுதி எல்லை வரையும் வேலை என்றாவது மீண்டும் தொடங்கும். குழு மக்களிடம் கருத்துக் கேட்கும், சில வாரங்கள்தான் அவகாசம் தரும். தும்பறையிலும் கண்டியின் பிற தோட்டப் பகுதிகளிலும் இருப்பவர்கள் உங்கள் கிராம சேவகர் பிரிவின் வரைபடத்தையும் வாக்காளர் இடாப்பையும் இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் தோட்டம் எத்தனை பிரிவுகளாக வெட்டப்பட்டிருக்கிறது என்று குறித்து வையுங்கள். சிதறி வாழ்பவர்களுக்குப் பல அங்கத்தவர் தொகுதியும், பட்டியலுக்கென்று தனியான இரண்டாவது வாக்கும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொழிற்சங்கத் தலைவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

(தொடரும்)